மருந்து டேங்கில் வந்த வானவில்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிதில், படாளத்து மாமனார் தெரு முழுக்க என்னை விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருந்தார். கடற்கரையோர அணு ஆராய்ச்சி வளாகத்தில் எனக்கு வேலை என்பது உண்மை. டைப்பிஸ்ட் வேலை. பெண் பார்க்கப் போன அன்று, "ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் என் கையாலதான் வெளிய போவும்" என்று அளந்துவிட்டேன். அதைத் திருத்திச் சொல்லப் பிறகு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிறு, கோடை மழை விட்டதும் வானவில் தோன்றி மறைந்தது. "அது எப்டி மாப்ள வருது?" என்றார் மாமனார். அந்த வாரம்தான் பள்ளிக்கூடங்களுக்கான வானவில் கையேடு ஒன்றை டைப் அடித்திருந்தேன். வெளிச்சம் நீர்த்துளிக்குள் நுழையும்போது வளைந்து நிறம் நிறமாகப் பிரியும், துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்பும், மறுபடி வளைந்து வெளியே வரும், சிவப்பு மேலே, ஊதா கீழே என்று ஒப்பித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு நானே வரவழைத்துக் காட்டுவதாகவும் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு தெருவே கூடிவிட்டது. பயிருக்கு மருந்தடிக்கும் டேங்கை மூன்று முறை கழுவி, தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் சூரியனைப் பார்த்து அடித்தேன். தண்ணீர் என் தலையிலேயே விழுந்தது. இரண்டு டேங்க் காலி.

"இன்னா, வானவில்லுக்கு இன்னிக்கு லீவா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வெயில் பத்தல" என்றேன். சித்திரை மாதம் அது.

என் மனைவிதான் எல்லோரையும் நாலரைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். வெயில் சாய்ந்ததும் டேங்கை அவளே மாட்டிக்கொண்டு, எல்லோரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, நிழல் விழும் பக்கமாக அடித்தாள். நிறங்கள் வெளிச்சம் வந்த பக்கமே திரும்பி வருமாம், செடிக்குத் தண்ணீர் விடும்போது தினமும் பார்ப்பதுதானாம். அவரவர் தலை நிழலுக்கு மேலே ஆளுக்கொரு வானவில் வளைந்து நின்றது.

"விஞ்ஞானி பொண்டாட்டின்னா சும்மாவா" என்று மெச்சிக்கொண்டே தெரு கலைந்தது. எனக்குக் கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாமனாரிடம் போனேன். அவர் டேங்கைக் கழுவியபடி, நிமிராமலே சொன்னார்:

"டைப்படிக்கசொல்ல ஒரு வரிய வுட்டுட்டீங்க போலகீது மாப்ள."