கணையம் தெரிந்த நாள்

அக்கா சட்டையை உயர்த்திக்கொண்டு படுத்ததும் முதலில் திரையைத்தான் பார்ப்பார். குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டால் எல்லோரும் உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள். அவர் அசைய மாட்டார். "தேடு, தேடு" என்பார். நாங்கள் இருவரும் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கும் பயிற்சியில் சேர்ந்திருந்தோம். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்பேன், படிப்பில் நாங்கள் சரிசமம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் சும்மா இருக்கும்போது ஒருவர் வயிற்றில் மற்றவர் பழகிக்கொள்வோம்.

எக்ஸ்ரேயில் பொத்தானை அழுத்தினால் படம் விழுந்துவிடும். ஸ்கேனில் கைதான் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் கைக்கு எதுவும் பிடிபடவில்லை. ஈரலும் சிறுநீரகமும் பெருமழையில் பஸ் கண்ணாடிக்கு வெளியே தெரியும் தெருவைப் போலக் கலங்கியே தெரிந்தன. இந்தத் தவணையிலும் தேறாவிட்டால் எக்ஸ்ரேக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பயிற்சி கொடுத்த டாக்டர் சொன்ன அன்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன் பிறகு அக்கா தம்முடைய முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்தார். மாதங்கள் போகப் போகப் படங்கள் தெளிந்தன. சிறுநீரகத்தின் விளிம்பு கோடு போட்டதுபோல் வந்தது. "கை வந்துருச்சு லா ஒனக்கு" என்று அக்கா சிரித்தார். நானும் நம்பினேன். அவருடைய சட்டைகள் தொளதொளத்துப் போயிருந்ததை இருவருமே கவனித்திருந்தோம். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருந்த வீட்டுக்குப் போகத் தினமும் ஃபெர்ரிக்கு ஓடி ஓடி இளைத்துவிட்டதாக அவர் சொன்னார். ஒல்லியான உடம்பில் படம் நன்றாக விழும் என்பது எங்களுக்குப் பாடத்திலேயே இருந்தது.

மிச்சமிருந்தது கணையம். இரைப்பையில் இருக்கும் காற்று அதை மறைத்துவிடும். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்தால் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அக்கா மூச்சுத் திணறும் அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். நான் கருவியை அழுத்திச் சாய்த்தேன். கணையம் தெரிந்தது. அதன் நடுவில் கறுப்பாக, ஓரம் ஒழுங்கில்லாத ஒரு கட்டியும் தெரிந்தது. பொய் நிழலாக இருந்தால் கோணத்தை மாற்றும்போது மறைந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தேன். அக்காவைப் புரண்டு படுக்கச் சொல்லிப் பார்த்தேன். மறைந்துவிடு, மறைந்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். எங்கிருந்து பார்த்தாலும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. திரையை மெல்ல என் பக்கம் திருப்பினேன்.

"திருப்பாதே. நானும் பாத்துட்டேன்" என்றார் அக்கா. பிறகு, "அளந்து எடு. டாக்டருக்குக் காட்டணும்" என்றார்.

அறுவைச் சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முடிந்த நாட்களில் பயிற்சிக்கும் வந்தார். ஒருநாள் மதியம், நான் கேட்காமலே படுக்கையில் ஏறிப் படுத்தார். மறு பரிசோதனைக்கு அழைக்கும்வரை காத்திருக்கத் தம்மால் முடியாது என்றார். அன்று அவர் திரையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டி பெருத்திருந்தது, ஈரலிலும் புள்ளிகள் விழுந்திருந்தன. எல்லாம் தெளிவாக, மிகத் தெளிவாகத் தெரிந்தன.

"கொறஞ்சிருக்கா? சொல்லு லா."

பார்த்ததை நோயாளியிடம் நாங்கள் சொல்லக் கூடாது. அதற்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது. "டாக்டர் சொல்வாருக்கா" என்றேன். அந்த வாக்கியத்தை அவரும் எத்தனையோ பேரிடம் சொன்னவர்தான். அவர் வயிற்றிலிருந்த ஜெல்லை நான்தான் துடைத்துவிட்டேன்.

அன்று மாலை ஃபெர்ரியில் அவருக்குத் துணையாகப் போனேன். பட்டர்வொர்த்தில் அவருடைய கணவர் காத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் சரக்கு லாரி ஓட்டுபவர். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "கொறஞ்சிருக்காம். இவதான் பாத்தா" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற நடைபாதையிலேயே நின்றார்.

அடுத்த மாதமே அக்கா போய்விட்டார். நான் தேர்வில் தேறி, அதே அறையில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். அவர் கணவரை எப்போதாவது பட்டர்வொர்த்தில் பார்ப்பேன். போன வாரமும் பார்த்தேன். நலம் விசாரித்தார். பிறகு எப்போதும் கேட்பதையே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீதானே பாத்த, தங்கச்சி. கொறஞ்சிதானே இருந்துச்சு. அப்புறம் எப்படி?"

"சில பேருக்குத் திரும்ப வந்துரும்ணே" என்றேன்.