ஃபிலோ அக்காவும் cord என்கிற வார்த்தையும்

ஃபிலோ அக்கா போய்விட்டார்.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

பாலை இறக்கி வைத்தேன். பையனுக்கு டிபன் கட்டினேன். ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்... இப்போதெல்லாம் அழுகைகூட உடனே வருவதில்லை.

தெரியாதவர்களுக்கு... ஃபிலோமினா அக்காவும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து சீட். கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கிற வேலை.

நாங்கள் நெருங்கியதே ஒரு சண்டையில்தான். டாக்டர் ‘வோக்கல் cord’ என்று சொல்வார், நான் நடுவில் h போட்டு chord என்று அடிப்பேன். குரல், பாட்டு, சங்கீதம்... அப்போது chord-தானே?

"சுதா, தொண்டைல கீறது கயிறுமா. கிடார்ல வாசிக்கிறது வேற" என்பார் அக்கா. நான் விடமாட்டேன்.

ஒருநாள் லஞ்ச் நேரத்தில் இரண்டு பேரும் போனில் தேடிப் பார்த்தோம். cord என்றால் முறுக்கிய கயிறு. அதன் வேரைத் தேடிக்கொண்டே கிரேக்க மொழி வரைக்கும் போனால், குடல் என்று இருந்தது! அந்தக் காலத்தில் ஆட்டுக் குடலை முறுக்கித்தான் வாத்தியத்துக்கு நரம்பு கட்டினார்களாம். சேர்ந்து ஒலிக்கிற chord-க்கு வேர் வேறு. அது இதயம் என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். h மட்டும் யாரோ நடுவில் செருகியது.

அக்கா தன் டிபன் பாக்ஸைப் பார்த்தார். உள்ளே போட்டி வறுவல். ஆட்டுக் குடல்.

"இன்னாடி இது... இவ்ளோ நாளா வோக்கல் கார்டைத்தான் துன்னுகினு இருந்தனா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் நோயாளிகளுக்கான சின்னச் சின்ன நோட்டீஸ்களைத் தமிழில் மாற்றும் வேலை வந்தது. அப்போதுதான் கவனித்தோம். இங்கிலீஷில் எல்லாமே cord. தமிழில் தொண்டையில் இருப்பது குரல்நாண், முதுகில் இருப்பது தண்டுவடம், வயிற்றுப் பிள்ளைக்குத் தொப்புள்கொடி.

"வடம்னா தேர் இழுப்பாங்களே, அந்த வடமா?"

"அதேதான்க்கா."

"அதான் எனக்கு இப்படி முதுகு வலி" என்றார்.

பிறகு எனக்கு எட்டாம் மாத ஸ்கேன். குழந்தையின் கழுத்தில் cord ஒரு சுற்று. யார் யாருக்கோ அடித்துப் பழகிய வரிதான்... என் பெயர் போட்டு வந்ததும் திரும்பத் திரும்பப் படித்தேன். பல குழந்தைகளுக்கு இப்படி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று ஆரம்பித்துவிட்டார்கள். மாமன் என்றால் என் ஒரே தம்பி. படப்பையில் இருக்கிறான். அன்றிலிருந்து அவன் போன் பண்ணுவதே குறைந்துபோனது.

சுகப்பிரசவம். நர்ஸ் கொடியைச் சுலபமாகக் கழற்றி எடுத்துவிட்டார். ஆனால் தம்பி வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது, எண்ணெயில் விழும் நிழலாகத்தான் அவன் முதலில் பார்க்க வேண்டுமென்று அம்மா கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

பார்க்க வந்த அக்கா இதையெல்லாம் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வெளியே போனார்.

"மாமன்தானே நீ? புடி."

"இல்லக்கா... அம்மா சொல்றாங்க... கழுத்துல சுத்திகினு..."

"பத்து மாசம் சோறு போட்ட கொடி தம்பி அது. அதுக்குப் போயி பயப்படுவாங்களா? கைய நீட்டு."

நீட்டினான். பிள்ளையை வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதான். அம்மா அக்காவோடு ரொம்ப நாள் பேசவில்லை. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன். அதில் ஒரு நரம்பு அடிபட்டு, இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை. சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவருக்குக் காற்று மட்டும்தான் வந்தது. பயிற்சி, டாக்டர், மறுபடி பயிற்சி... திரும்பவில்லை. அதே சமயத்தில் டைப் அடிக்கிற வேலையை சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது, ஆபீஸையும் மூடிவிட்டார்கள். போன் பண்ணினால் எடுக்க மாட்டார். மெசேஜ் மட்டும். போகப் போக அதுவும் குட்மார்னிங் படங்களாகிவிட்டது.

போன மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தேன். காய்கறிக் கடையில் விரலைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் என்று நினைத்துவிட்டார் கடைக்காரர். "யக்கா! கிலோவா? அரையா?" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல்.

அக்கா என் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார். "பேச்சு வராதது எனக்குத்தான்டி. இவன் ஏன் இந்தக் கத்து கத்துறான்?"

சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வா என்று கையைக் காட்டினார். வருகிறேன் என்றேன். வேலை, பையன் பரீட்சை, மாமியாருக்குக் காய்ச்சல்... போகவில்லை.

இன்று தம்பிதான் பைக்கில் கூட்டிப்போனான். ஜிஎஸ்டி ரோட்டில் அத்தனை டிராஃபிக். கல்லறையில் மண் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடக்கம் முடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் எல்லோரையும் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். போனோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் போட்டிருந்தார்கள். சர்க்கரை அதிகம். மீதி வைக்காமல் குடித்தோம்.

வந்துட்டேன்க்கா. லேட்டுதான்.

நல்லாத் தூங்குங்க.