மாலைக்குக் குனிந்த கழுத்தும் சுயம்பு அண்ணனின் ஏமனும்

சுயம்பு அண்ணன் போய்விட்டார்.

தோவாளை பூச்சந்தையில் பிச்சிப்பூ வியாபாரம் பார்த்த அதே சுயம்பு அண்ணன்தான். இன்று காலை கடையில் பூவை நிறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

வடசேரியிலிருந்து அழுதுகொண்டேதான் பைக்கை எடுத்தேன். பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது, என்ன செய்ய.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மைக் செட் போடுகிறவன். தேர்தல் வந்தால் எந்தக் கட்சி கூப்பிட்டாலும் என் பெட்டி போகும், கொள்கை எல்லாம் வீட்டில் இருக்கும். அப்படித்தான் அண்ணன் பழக்கம்.

பூக்கடை போடுவதற்கு முன்னால் அவர் ஏமன் நாட்டில், ஏடன் நகரத்தில் ஏசி மெக்கானிக். அங்கே தெருவில் மல்லிகைச் சரம் விற்ற சாலிஹ்தான் உயிர்க் கூட்டாளி.

"அவன் ஊசியில கோக்கான் மக்கா. எங்க ஊருல விரலாலயாக்கும் கட்டுவோம்னு நான் கட்டிக் காட்டினேன். இதெல்லாம் ஒரு சரமான்னு கேட்டுட்டான். கொஞ்ச நாள் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல."

பிறகு போர் வந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த தெருக்கள் வழியாகத் தன் ஓட்டை வண்டியில் அண்ணனைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட்டது அந்த சாலிஹ்தான். அண்ணன் ஊர் வந்து சேர்ந்தார். சாலிஹும் பிள்ளைகளும் அங்கேயே...

அதன்பின் வந்த வாய்ஸ் மெசேஜ்களில் மல்லிகைப் பேச்சு குறைந்துகொண்டே போனது. மாவு இல்லை, மருந்து இல்லை, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிவந்த கப்பலைக் கரைக்கு விடவில்லை. இதே பேச்சுதான்.

அண்ணனுக்கு ஒரே பிடிவாதம். நம் நாடாளுமன்றத்தில் ஒருத்தராவது எழுந்து ஏமன் என்று சொல்ல வேண்டும். கப்பலை விடுங்கள், சண்டையை நிறுத்துங்கள் என்று இந்தியா அழுத்திக் கேட்க வேண்டும்.

"நம்ம ஊருலயே ரோடு சரியில்ல, உமக்கு எதுக்குவே ஏமன்?" என்று சந்தையில் ஒருவர் கேட்டார்.

"என்னைக் கப்பல் ஏத்திவிடும்போ, உங்க ஊருல ரோடு எப்படின்னு அவன் கேக்கல்லவே" என்றார் அண்ணன். கேட்டவர் பூவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பிரச்சாரத்துக்கு வருகிறவர்களுக்குச் சந்தையில் மாலை போடுவது வழக்கம். முதல் தடவை அண்ணன் மாலையைப் போட்டுவிட்டுத்தான் "ஐயா, ஏமன்ல..." என்று ஆரம்பித்தார். வேட்பாளர் மாலையைக் கழற்றிக் கூட்டத்தில் வீசினார், ஜீப் கிளம்பிவிட்டது. மாலை வந்து விழுந்தது என் ஆம்ப்ளிஃபயர் மேல்.

அண்ணன் அதை எடுத்துக்கொண்டே சொன்னார். "கழுத்துல விழுந்தா ஆள் போயிருவான் மக்கா. விழுகதுக்கு முந்தி பேசணும். நீ மட்டும் மைக்க ஆஃப் பண்ணாத, கேட்டியா?"

அடுத்த முறை கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒரு ராஜ்யசபா எம்.பி. பேரும் கட்சியும் வேண்டாம், எனக்குப் பிழைப்பு நடக்க வேண்டும்.

எம்.பி. ஜீப்பில் நின்றபடி குனிந்தார். ஸ்டூல் மேல் ஏறி நின்ற அண்ணன், தண்ணீர் தெளித்த கனமான அரளி மாலையைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

"ஐயா, ஏமன்ல பிள்ளைகள் பட்டினி கிடக்கு. நீங்க டெல்லியில அதைப் பேசணும்."

மாலைக்குக் குனிந்த கழுத்து மாலை இல்லாமல் நிமிரக்கூடாது. தேர்தல் நேரத்தில் அதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? எம்.பி. குனிந்தே இருந்தார். போட்டோக்காரர்கள் காத்திருந்தார்கள். அண்ணன் ஏடன் துறைமுகத்தில் ஆரம்பித்து சாலிஹின் கடைசிப் பிள்ளை வரைக்கும் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

"பேசுறேன்யா... சத்தியமா பேசுறேன். மாலையப் போடுய்யா."

மைக் ஆனில் இருந்தது. சந்தை முழுக்கச் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, பவ்யமாக மாலையைப் போட்டார்.

அதிலிருந்து கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் அவர் கடை போனில் நாடாளுமன்ற நேரலை ஓடும். எம்.பி. எழுந்தால் தராசு அப்படியே நிற்கும். அவர் வேறு எதையாவது பேசிவிட்டு உட்காருவார். "இன்னைக்கி தொண்டை சரியில்ல போல" என்று அண்ணன் மறுபடி பூவை அள்ளுவார்.

இனிதான் இன்றைய கதை.

இரங்கல் பேசுகிறவர்களுக்காக அண்ணன் வீட்டு வாசலில் என் மைக்கைத்தான் வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்த அதே எம்.பி., சேதி கேட்டு மாலையோடு வந்தார். அண்ணன் உடல் மேல் வைக்கக் குனிந்தார்.

தலைமாட்டில் இருந்த தங்கம் மைனி, அண்ணன் மனைவி, கையை நீட்டி அந்த மாலையைத் தடுத்துப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. ஏமன் காரியம் என்னாச்சு?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரிக்கிறார்கள். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. எம்.பி. குனிந்தபடியே இருக்கிறார்.

"வர்ற கூட்டத்தொடர்ல கண்டிப்பா கேக்கிறேம்மா."

"அதை மைக்குல சொல்லுங்கோ."

நான் மைக்கை நீட்டினேன். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எம்.பி. சொன்னார். கப்பல், சண்டை நிறுத்தம், எல்லாம். கடைசியில் "சாலிஹ்" என்று அந்தப் பேரையும் தானாகவே சொன்னார். இத்தனை வருஷமாக மறக்கவில்லை, பாருங்கள்.

மைனி கையை எடுத்தார். மாலை விழுந்தது.

வீடியோ கீழே இருக்கிறது. பார்த்து அழுதுவிட்டுப் போகாதீர்கள், உங்கள் எம்.பி. ஆபீசுக்குப் போன் போட்டு ஏமன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாலை இருந்தால் இன்னும் நல்லது.

போய்ட்டு வாங்கண்ணே.

மைக்க ஆஃப் பண்ணல்ல.