ஓடிக்கொண்டே இருந்த புள்ளி

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘ஏரியல்’ என்று பெயர். பகலெல்லாம் கடையில் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுவார். பொழுது சாய்ந்தால் மொட்டைமாடி ஏரியல் கம்பிகளோடு குடித்தனம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகம் தெரியாதவனிடம் தேனொழுகப் பேசுவார். நான் எதிரில் நின்று ஏதாவது கேட்டால் ஒரு ‘ம்’ வரும்.

என் தம்பி ரொட்டி வேன் ஓட்டுகிறவன். மலைப்பாதையில் செல்போன் எடுக்காது என்று நான் புலம்பப் போக, இவர் அவனையும் விரட்டிப் பிடித்துப் பரீட்சை எழுத வைத்தார். வேனில் ஜிபிஎஸ் கருவியும் சின்ன ரேடியோவும் ஏறின. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேன் இருக்கும் இடத்தை அது அனுப்பும். எங்கள் கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி நகரும்.

நகரும் என்றா சொன்னேன்? குதிக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த என் சித்தப்பா, “என்ன மாப்ள, வண்டி தவளை மாதிரி தாவுது?” என்று சிரித்துவிட்டார். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மென்பொருளில் ஒரு வசதியை முடுக்கிவிட்டார். அடுத்த செய்தி வரும்வரை, கடைசியாகத் தெரிந்த வேகத்திலும் திசையிலும் அதுவே புள்ளியை ஓட்டிக்கொண்டிருக்கும். புள்ளி வழுக்கிக்கொண்டு போனது. செய்தியே வராமல் நின்றாலும் ஓடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சாயங்காலம் தம்பி வர நேரமானது. அடுப்படியிலிருந்து கேட்டேன்.

“சின்னவன் எங்க வர்றான்?”

ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். “மலை இறங்கிட்டான். நல்ல வேகத்துல வர்றான்.”

அரை மணி கழித்து மறுபடி கேட்டேன்.

“பாலம் தாண்டிட்டான். சும்மா தொணதொணக்காத.”

வாயை மூடிக்கொண்டேன். இன்னும் கால் மணி போனபிறகு, கையைத் துடைத்தபடி திரையை எட்டிப் பார்த்தேன்.

“என்னங்க, வேன் ஏரி மேல ஓடுது?”

அவர் திரைமுன் பாய்ந்து வந்து கடைசிச் செய்தி எப்போது வந்தது என்று தேடினார். ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு முன்னால், மலையடிவாரத்துக் கடைசி வளைவிலிருந்து.

ஆம்புலன்ஸுக்கு அந்த இடத்தைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, ரேடியோ நொறுங்கிக் கிடந்தது. அதற்கடியில் தம்பியின் வலது கால். உயிர் மிஞ்சியது. முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. “ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்,” என்றார் டாக்டர்.

உறவுக்கூட்டம் இவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ரேடியோ மட்டும் இல்லையென்றால் பையன் கதி என்ன என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் போவோர் வருவோரிடமெல்லாம் சித்தப்பா சொன்னார். இவர் கூனிக்குறுகி நின்றார். நானும்தான். ஊர்ப்பட்ட வாய் பேசுகிறவள், அன்றைக்கென்று ஓர் அதட்டலுக்கு அடங்கிப் போனேனே! நாலு எட்டு வைத்துப் போய்த் திரையைப் பார்த்திருந்தால் என்ன?

ஒன்பதாம் நாள், “சொல்லாம எனக்குச் சோறு இறங்கல,” என்று என்னையும் அழைத்துக்கொண்டு தம்பியின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். இவர் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அத்தான், மேல ரோட்டுல ரெண்டு மூணு வண்டி போன சத்தம் கேட்டுச்சு. நான் கத்தவே இல்ல, தெரியுமா? கத்துனா மூச்சு முட்டுது. எதுக்குக் கத்தணும், புள்ளி நின்னா அத்தான் பாத்துட்டு வந்துருவாருன்னு கண்ண மூடிப் படுத்துக்கிட்டேன்.”

பெருமையாகச் சிரித்தான். இவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளி நிக்கல மச்சான். ஓடிட்டேதான் இருந்துச்சு. நான்தான் அப்படி வெச்சிருந்தேன். பாக்க அழகா இருக்கும்னு.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“உனக்கும் தெரியுமாக்கா?”

ஒன்பது நாளாக அவனுக்கு ஊட்டிவிட்டவள் நான். ஆமென்று தலையை ஆட்டினேன்.