எக்ஸ்ரேம்மா பார்த்த சைடுபோர்டு

பழைய மரச்சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சைடுபோர்டின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ரேம்மா பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். கடைக்காரரைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தச் சொல்லிவிட்டு, அந்த இடுக்கில் டார்ச்சோடு நுழைந்துவிடுவாள். பின்பலகை பிளைவுட் என்றால் அங்கேயே கதை முடிந்தது. "முகத்துல பவுடர், முதுகுல அழுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்து கையைத் தட்டிக்கொள்வாள். பித்தலாட்டம் பண்ணுகிறவனுக்கு முதுகுப்பக்கம் வேலை செய்யப் பொறுமை இருக்காது என்பது அவள் கட்சி.

பெயர் கடைக்காரர் வைத்தது. அவள் முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, சரி விடுங்க" என்று லட்சம் தடவையாவது சொல்லியிருப்பாள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே விரிசல், எங்கே நீர் கோத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க உரிமை கிடையாது. "ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று பாவமாகக் கேட்பவர்களிடம், "டாக்டர் சொல்லுவாரு" என்று சொல்லி அனுப்ப வேண்டும். தெரிந்ததையெல்லாம் விழுங்கி விழுங்கியே ஓய்வு பெற்றாள்.

சைடுபோர்டு ஆசையும் அவளுடையதல்ல, மகளுடையது. வீட்டுக்காரர் நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தது சாப்பாட்டு அறையில்தான். அந்த அறைதான் குளியலறைக்குப் பக்கம். அவர் போன பிறகு வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். சுவர் மொட்டையாக நின்றது. வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தச் சுவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. பழைய காலத்து சைடுபோர்டு ஒண்ணு வாங்கிப் போடு. தட்டு, டம்ளர் வைக்கவும் ஆகும்" என்றாள். இடுப்பு உயரத்தில், நடுவில் இழுப்பறையும் இரண்டு பக்கமும் கதவுமாக, சுவரோரம் நீளமாக நிற்கிற அலமாரி. ஒரு ஆள் சாப்பிடுகிற வீட்டுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வீட்டில் ஆள் இருந்தால்தானே.

சுவரை அளந்தாள். ஐந்தரை அடி. ஒரு சனிக்கிழமை காலை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மரச்சாமான் கடைக்குப் போனாள். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் போனாள், எதையும் வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒன்றுக்குக் கால் மாற்றியிருந்தார்கள். இன்னொன்றின் இழுப்பறை வேறு எதிலிருந்தோ வந்தது. மற்றொன்றில் மேல்பலகை வெறும் தூளை அழுத்திச் செய்தது, மேலே மட்டும் காகிதக் கனத்துக்கு நல்ல மரம். எல்லாவற்றையும் அவளே கண்டுபிடித்தாள், அவளே சத்தமாகச் சொன்னாள். முதல் மாதம் கடைக்காரர் முகம் சுளித்தார். பிறகு யோசித்தார். இந்த அம்மாள் சொல்வது ஒன்றுகூடத் தப்பாகவில்லையே. அப்புறம் எந்த லோடு இறங்கினாலும், "எக்ஸ்ரேம்மா பார்க்கட்டும்" என்று சனிக்கிழமை வரை விலை எழுதாமல் வைக்க ஆரம்பித்தார். வருகிறவர்களிடமும், "அம்மா சரின்னு சொன்னா கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார். அவளுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு டீ. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். இவளுக்கோ குற்றம் பார்த்ததில்தான் ஒரு சுற்றமே கிடைத்தது. மற்ற ஆறு நாளும் அவள் குரலை அவளே கேட்பது காய்கறிக்காரரிடம் சில்லறை கேட்கும்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். முன்பெல்லாம் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்றதோடு பேச்சு வற்றிவிடும். இப்போது சைடுபோர்டு புராணம் அரைமணி நேரம் ஓடியது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை கடைக்காரர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இன்னைக்கு உங்க பாச்சா பலிக்காது. உள்ள வந்து பாருங்க."

கூரையிலிருந்து வரும் வெளிச்சத்துக்குக் கீழே அது நின்றிருந்தது. கருந்தேக்கு, ஐந்தரை அடி.

"உங்க சுவர் அளவைச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தேம்மா. ஒரு பழைய வீட்டைக் காலி பண்றாங்கன்னு தெரிஞ்சதும் விடியறதுக்குள்ள போய் நின்னுட்டேன். வேற ரெண்டு பேர் கேட்டாங்க. எங்க அம்மாவுக்குன்னு சொல்லித் தட்டிட்டு வந்தேன்."

எக்ஸ்ரேம்மா டார்ச்சோடு பின்னால் போனாள். பின்பலகை முழு மரம். இழுப்பறைகளை உருவிப் பார்த்தாள். மூலைகளில் பலகைகள் விரல் கோத்ததுபோல் பிணைந்திருந்தன. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு அளவு, ஆக கையால் அறுத்தது. மூன்று இழுப்பறையும் ஒற்றை விரலுக்கு ஓடி வந்தன. பூட்டு அதே காலத்துப் பூட்டு. சாவிகூட இருந்தது.

இதில் குறை இல்லையென்றால் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை இந்தக் கடையில் அவளுக்கு என்ன வேலை? அதை நினைத்ததும் அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது, வீட்டுக்காரருக்குக் கடைசி எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி.

தரையில் உட்கார்ந்து, இடது பின்காலுக்கு உள்பக்கம் டார்ச் அடித்தாள். மூன்று சின்னத் துளைகள். பூச்சி போட்டவைதான். ஆனால் விளிம்பெல்லாம் கறுத்து மழுங்கிப் போயிருந்தன. நகத்தால் தட்டினாள், ஒரு பொட்டுத் தூள் உதிரவில்லை. அம்மைத் தழும்பு மாதிரி, பூச்சி செத்து ஐம்பது வருஷம் இருக்கும். பூச்சி உயிரோடு இருந்தால் வெள்ளைத்தூள் கொட்டும் என்று கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"பூச்சி இருக்கு தம்பி."

"பழசா இருக்கும்மா."

"இல்ல. உயிரோட இருக்கு. தூள் வெள்ளையா கொட்டுது."

கடைக்காரர் குனிந்து பார்க்கவே இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். காற்றுப்போன மாதிரி தோளைத் தொங்கப்போட்டார்.

"அப்ப இங்க வைக்கக் கூடாது. மத்ததுக்கும் ஏறிடும். ஒரு கை பிடிக்கிறீங்களாம்மா?"

அவள் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டுபோய் கொல்லைப்பக்கக் கொட்டகையில் போட்டார்கள். நல்ல கனம்.

"மருந்து அடிச்சா சரியாகாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்சே இதை யார் தலையில கட்டறது? நாளைக்கு அவங்க வீடு பூரா பரவும். திங்கக்கிழமை பிரிச்சிடறேன். பிடியும் பூட்டும் தேறும், மரம் அடுப்புக்கு."

டீ வந்தது. குடித்தாள். ருசி தெரியவில்லை.

மறுநாள் மகள் கேட்டாள். "என்னம்மா, இந்த வாரமாவது கிடைச்சுதா?"

"இல்லடி. பூச்சி."

"உனக்கு எதுதான் பிடிக்கும்? ஊர்ல எல்லாரும் பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வராங்க."

பேச்சு அன்றைக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. அவள் மொட்டைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட மாற்றி வைத்ததில்லை என்று பெருமை பேசியவள், செத்துப்போன மூன்று பூச்சிக்கு உயிர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே போனாள். கடைக்காரர் அவளுக்கும் முந்தியே வந்திருந்தார். கொட்டகையில் இரண்டு கதவும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, பிடிகள் ஒரு டப்பாவில் கிடந்தன. உளியைப் பின்பலகை இடுக்கில் வைத்திருந்தார்.

"நிறுத்துங்க தம்பி. அதுல பூச்சி இல்ல. நான் பொய் சொன்னேன்."

கடைக்காரர் உளியைக் கீழே வைத்தார். ஒரு தீக்குச்சியை எடுத்துத் துளைக்குள் விட்டு உருவி, அதன் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார். மூன்று துளையிலும் அப்படியே செய்தார். குச்சி சுத்தமாக வந்தது.

"ஏம்மா?"

"இதை வாங்கிட்டா சனிக்கிழமை நான் எங்க போறது?"

"சும்மா வந்தா வராதீங்கன்னா சொல்லப்போறேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு வருஷமா நீங்க வேணாம்னு தள்ளினதையெல்லாம் நானும் கழிச்சு விட்டுட்டேம்மா. அதெல்லாம் நிஜம்தானா?"

"நிஜம் தம்பி. இது ஒண்ணுதான் பொய்."

"சரிம்மா."

அவர் சொன்ன விலைக்கே வாங்கினாள். வியாழக்கிழமை வண்டி வந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோலச் சுவரில் பொருந்தியது. இருந்த தட்டுகளையெல்லாம் அடுக்கியும் ஒரு பக்கக் கதவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "சூப்பர்மா. இனிமே நீ அலைய வேண்டாம் பாரு" என்றாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை.

சனிக்கிழமை வந்தது. சும்மா வரலாம் என்று அவர்தான் சொன்னாரே. போனாள். நாற்காலி அதே இடத்தில் இருந்தது, டீயும் வந்தது. "சாமான் சௌகரியமா இருக்காம்மா?" என்று விசாரித்தார். ஒரு குறையும் இல்லை என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கணவன் மனைவி வந்து, நடுவில் நின்ற ஒரு சைடுபோர்டை விலை கேட்டார்கள். எக்ஸ்ரேம்மாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. வாயை அடக்க முடியவில்லை.

"தம்பி, அந்தப் பின்கால் வேற மரம். அப்புறமா ஒட்ட வெச்சது."

"சரிம்மா" என்றார் கடைக்காரர், மரியாதையாகத்தான். பிறகு பருத்த உடம்பை மடக்கி, முனகிக்கொண்டே தரையில் முட்டிபோட்டு, அந்தக் காலைத் தானே விரலால் தட்டிப் பார்த்தார்.