வாட்ச்மேன் ஓடிவந்த நேர்காணல்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நானும் என் வீட்டுக்காரரும் கூலிக்கு நெய்கிறோம். மகள் கோமதியை எல்.கே.ஜி.யில் சேர்க்க, ஊரே இடம் கேட்டு அலையும் ஒரு தனியார் பள்ளியில் விண்ணப்பித்தோம். சிபாரிசுக்கு ஆள் கிடையாது. நன்கொடைக்கு வழியும் கிடையாது. நேர்காணலில் பிள்ளை நன்றாகப் பதில் சொன்னால்தான் உண்டு. அதனால் தறியை ஓட்டிக்கொண்டே ஒரு மாதம் பெயர், நிறம், பழம் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

தலைமையாசிரியையின் அறை அமைதியாக இருந்தது. "உன் பேரு என்னம்மா?" என்று மெல்லக் கேட்டார். "கோமதி" என்று இவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்துவிட்டார்.

"மெதுவா சொல்லு மக்கா" என்றேன்.

"சரிம்மா" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். இடம் போச்சு என்றே நினைத்தேன்.

"வீட்டுல தறி ஓடுது டீச்சர். கத்துனாத்தான் கேக்கும். அப்படியே பழகிட்டா" என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "பிள்ளைய வாயத் திறக்க வைக்கதுக்கே நாங்க ஒரு வருசம் பாடுபடுவோம். இவ திறந்துக்கிட்டே வந்திருக்கா" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது தினமும் அவள் பள்ளிவிட்டு வந்ததும் அரைமணி நேரம் தறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன். முதல் நாள், "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டேன். கோமதி காதைப் பொத்திக்கொண்டாள்.

"எம்மா, ஏன் கத்துத? தறிதான் நின்னுட்டுல்லா."