எட்டுக் குளிசை மிஞ்சிய அட்டை

பத்துக் குளிசை அட்டை. இரண்டு குழிகள்தான் உடைந்திருக்கின்றன. சாச்சா மௌத்தான பிறகு அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததென்று சாச்சி கொண்டுவந்து தந்தார். அட்டை இருந்த கடதாசி உறையில் என் கையெழுத்து: வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. இரத்தோட்டைப் பக்கம் தனக்கிருந்த கராம்பு மரங்களில் வேறு ஆளை ஏறவிட மாட்டார், கிளையை ஒடித்துவிடுவார்களாம். "இவன் மரத்துக்குத்தான் மாப்பிள்ள" என்று வாப்பா கேலி செய்வார். ஒரு காலை, மொட்டு சிவந்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தவருக்குத் தோட்டமே சுற்றியது. அதன்பின் அண்ணாந்தாலும் சுற்றும், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தாலும் சுற்றும்.

டொக்டர் அவரைக் கட்டிலில் சரித்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். உட்காதிலுள்ள பொடிக்கற்கள் இடம் மாறியதால் வந்த சுற்றாம். அன்றே நின்றுவிட்டது. இரத்தத்தில் விட்டமின் டி குறைவாக இருந்ததால் குளிசையும் எழுதினார். குறைவை நிரப்பினால் சுற்று மறுபடி வருவது குறையலாம், வரவே வராதென்று சொல்ல முடியாது என்றார். சாச்சாவோ எல்லாம் குளிசையின் வேலை என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, மாத்தளை டவுனில் நான் வேலை செய்யும், குளிசை வாங்கிய அதே பார்மசிக்கு மறுபடி வந்து நின்றார்.

"கராம்புக் காலம் வந்திட்டு மகள். அட்டை முடிஞ்சா மரம் ஏறலாம்தானே? ஏலுமா ஏலாதா, அத மட்டும் சொல்லுங்க."

"ஏலா சாச்சா. குளிசைய நம்பி மரம் ஏற வாணாம்."

"அப்ப இது எனக்கு எதுக்கு?"

அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சொன்னதில் பிழையில்லை, இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் தொழுகைக்கு வேணும் சாச்சா என்று இன்னொரு வசனம் சொல்லியிருக்கலாம். வரிசையில் அடுத்தவர் மருந்துத் துண்டை நீட்டினார், வாங்கிவிட்டேன். நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

சாச்சா மரங்களைக் குத்தகைக்குக் கொடுத்தார். சில மாதங்களில் சுற்று திரும்பி வந்தது. குளிசையை விட்டதால்தானா என்று யாருக்கும் தெரியாது. மறுபடி டொக்டரிடம் போக எவ்வளவு கெஞ்சியும் அவர் அசையவில்லை. கடைசிவரை கதிரையில் உட்கார்ந்தே தொழுதார். நெற்றி நிலத்தைத் தொடவில்லையே என்று சாச்சியிடம் அழுதிருக்கிறார்.

இப்போது அதே குளிசையைக் கொடுக்கும்போது, சுகமானதும் என்ன செய்ய இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சாச்சாவின் உறை என் மேசை லாச்சியில் இருக்கிறது. வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். எதற்கு என்று அதில் நான் எழுதவில்லை.